பாட்டின் இனிமையும் பாடுபட்டவன் கதையும்

(அமெரிக்கப் பாட்டாசிரியர் ஸ்டீபன் ஃபாஸ்டரைப் பற்றி ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், அமெரிக்கா தேசத்தில் 1864ஆம் வருஷம் இறந்துபோன ஒரு பாட்டாசிரியரைப் பற்றியதாகும். பாட்டுக்காரனைப் பற்றிப் பேசுவதற்குச் சுயமரியாதைக்காரர்களுக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். வேலை இருக்கிறது. சாதாரண ஜனங்கள் புத்தகம் படித்து ஒரு எண்ணத்தை அடைவதைவிடப் பாட்டுக் கேட்டு அடைவதே அதிகம். புத்தகம் படிக்கிறவன் நடுவில் நிறுத்தி, "இது மெய்தானா?" என்று கேட்டுக்கொள்ளலாம். பாட்டுக் கேட்கிறவனோ, தலையை ஆட்டிக்கொண்டே அதிலுள்ள பொய்யையும் சேர்த்து விழுங்கிவிடுகிறான். ராகம் நன்றாயிருந்துவிட்டால் அர்த்தத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆதலால்தான் பாட்டைப் பற்றி மற்றவர்களைவிடப் பகுத்தறிவுக்காரன் அதிகமாகக் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

அவர் பிறந்த நாள்

ஸ்டீபன் காலின்ஸ் ஃபாஸ்டர் என்பவர் பென்சில்வேனியா மாகாணத்தில் பிட்ஸ்பர்க் நகரத்தை அடுத்த லாரன்ஸ்வில் என்னும் இடத்தில் 1826ஆம் வருஷம் ஜூலை மாதம் 4ந் தேதி பிறந்தார். அது எப்படிப்பட்ட நாள் என்றால், அமெரிக்கர்கள் தங்கள் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்து சரியாக 50 வருஷம் முடிந்த நாள். அந்தப் பிரகடனத்தை எழுதிய ஜெபர்சன் என்பவரும் அதே நாளில்தான் இறந்தார். எல்லா மனிதரும் சமமாகவே பிறந்தவர்கள் என்று எழுதிய அந்தக் கையே, தன் வாழ்நாளில் 600க்கு மேற்பட்ட அடிமைகளை வைத்து வேலை வாங்கிய கையாகும். அவர் செத்த மறு வருஷம், அதாவது 1827இல், அவருடைய கடனுக்காக அவர் பண்ணையிலிருந்த ஆணும் பெண்ணும் குழந்தையுமான சுமார் 130 பேரை மாடு கன்றுகளோடு சேர்த்து ஏலம் கூறினார்கள். வெளியிலே சமத்துவம் பேசுவதும் வீட்டிலே அடிமை வைத்துக்கொள்வதுமான தேசத்தில்தான் ஃபாஸ்டர் பிறந்து வளர்ந்தார் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த அக்கிரமத்திற்கு ஆதாரம் எங்கேயிருந்து கிடைத்தது தெரியுமா? வேதத்திலிருந்துதான் கிடைத்தது. நோவா என்னும் கிழவர் தம் பேரன் கானானைச் சபித்தார் என்றும், அந்தச் சாபத்திற்கு உள்ளான சந்ததிதான் ஆப்பிரிக்க மக்கள் என்றும், ஆகையால் அவர்கள் அடிமைகளாயிருப்பது கடவுள் சித்தம் என்றும் தெற்கு மாகாணங்களில் பாதிரிமார்கள் பிரசங்கம் செய்தார்கள். கிழவர் குடித்துவிட்டுக் கிடந்தபோது நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு கதையைக் கொண்டு, 1860ஆம் வருஷத்தில் சுமார் 40 லட்சம் மக்களை விலங்குபோல் வைத்திருந்ததற்கு நியாயம் சொன்னார்கள் என்றால், வேதத்தின் யோக்கியதையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கரி பூசிய முகம்

நிற்க, ஃபாஸ்டருடைய பாட்டுகள் எங்கே பாடப்பட்டன என்பதைச் சொல்லுகிறோம். அக்காலத்தில் அமெரிக்காவில் ஜனங்கள் கூட்டங்கூட்டமாகப் போய்ப் பார்த்தது மின்ஸ்ட்ரல் என்னும் கூத்தாகும். வெள்ளைக்காரர்கள் தக்கையை எரித்த கரியை முகத்தில் பூசிக்கொண்டு, உதட்டைப் பெரிதாக வரைந்துகொண்டு, கறுப்பு மக்களைப்போல் வேஷம் போட்டு ஆடுவார்கள், பாடுவார்கள். கறுப்பன் என்றால் சோம்பேறி, முட்டாள், திருடன், எப்பொழுதும் சிரித்துக்கொண்டே இருப்பவன் என்று காட்டுவதே அதன் நோக்கம். ரைஸ் என்னும் ஒரு கூத்தாடி 1830ஐ ஒட்டி "ஜிம் குரோ" என்ற வேஷம் போட்டுப் பெயரெடுத்தான். பிற்காலத்தில் கறுப்பர்களுக்குத் தனி வண்டி, தனிப் பள்ளிக்கூடம், தனித் தண்ணீர்க்குழாய் என்று செய்த சட்டங்களுக்கெல்லாம் அந்த வேஷத்தின் பெயரே வைக்கப்பட்டது. கூத்தில் ஒருவனைக் கேலி செய்து பழகிய ஜனங்கள், சட்டத்தில் அவனை மிதிப்பதற்குக் கூச்சப்படமாட்டார்கள் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

அந்தக் கூத்துகளுக்கு இளைஞரான ஃபாஸ்டர் பாட்டுக் கட்டினார். 1846இல் சின்சினாட்டி நகரத்தில் தம் அண்ணனுடைய நீராவிப் படகுக் கம்பெனியில் கணக்கு எழுதப் போனவர், கணக்கெழுதின நேரம் போகப் பாட்டெழுதினார். 1848இல் அச்சான "ஓ சூசன்னா" என்ற பாட்டு, மறு வருஷம் கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடி ஓடின ஆயிரக்கணக்கானவர்கள் வாயிலெல்லாம் புகுந்தது. இன்றும் உலகமெங்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைப் பாடுகிறார்கள். ஆனால் அதில் முதலில் இருந்த ஒரு அடியை அவர்கள் பாடுவதில்லை. மின்சாரம் பாய்ந்து 500 கறுப்பர்கள் செத்தார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லும் அடி அது. செத்தவர்களுக்குக் கறுப்பர்களைக் கேவலமாகக் கூப்பிடும் பெயரையே அவர் வைத்திருந்தார். 500 பேர் சாவு சிரிப்புக்குரிய சங்கதியாயிருந்த காலம் அது. அதை எழுதியவர் ஏதோ ஒரு கொடியவர் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் மெல்லிய சுபாவமுடையவர், தாய் தகப்பனிடம் மிகவும் பிரியமானவர். நல்ல மனிதர்களும் யோசியாமல் செய்யும் காரியம்தான் சமூகத்தில் பெரிய கொடுமை என்பதை இதனால் தெரிந்துகொள்ளலாம்.

காணாத ஆறு

1851இல் அவர் எழுதிய "ஓல்டு ஃபோக்ஸ் அட் ஹோம்" என்பதுதான் அவர் பாட்டுகளில் மிகவும் பேர் பெற்றது. ஸ்வானி ஆற்றங்கரையிலுள்ள பழைய பண்ணையை விட்டுவந்த ஒரு கறுப்பன், அந்தப் பண்ணைக்குத் திரும்பிப் போக ஏங்குவதாக அதில் வருகிறது. கேட்டவர்கள் கண்ணீர் விட்டார்கள். 1854க்குள் 1,30,000 பிரதிகளுக்கு மேல் விற்றதாக வெளியிட்ட கம்பெனியார் சொல்லிக்கொண்டார்கள்.

இந்த ஸ்வானி ஆறு எப்படி வந்தது? ஃபாஸ்டர் தம் சகோதரர் மாரிசனிடம் போய், தெற்கத்தி ஆறு ஒன்றின் பெயர், அதுவும் இரண்டு அசையில் அடங்கும் பெயர் வேண்டும் என்று கேட்டார். முதலில் "பீடீ" என்று ஒரு ஆற்றின் பெயரைப் போட்டிருந்தார். அது அவருக்குப் பிடிக்கவில்லை. தேசப்படப் புத்தகத்தைப் புரட்டி, புளோரிடாவில் ஓடும் சுவானி என்ற ஆற்றைக் கண்டுபிடித்து, அதைச் சுருக்கி ஸ்வானி ஆக்கிக்கொண்டார். அந்த ஆற்றை அவர் சாகும்வரையில் பார்த்ததேயில்லை. தெற்கு மாகாணங்களின் உட்பகுதிக்கு அவர் போனதும் அந்தப் பாட்டு வெளிவந்த பிறகு 1852இல் ஒரே தடவைதான். அதுவும் நியூ ஆர்லியன்ஸ் வரையில் படகுச் சவாரி.

ஆகவே, பார்த்தறியாத ஆற்றங்கரையில், வாழ்ந்தறியாத பண்ணையில், பட்டறியாத ஒரு துன்பத்தை எடுத்து, அதன்மேல் ராகமென்னும் வெல்லத்தைப் பூசிக் கொடுத்தார். சவுக்கடி பட்ட இடத்திற்குத் திரும்பிப் போக ஏங்கும் அடிமையை அவர் படைத்தார். எஜமானனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? "பார்! அடிமை எவ்வளவு சந்தோஷமாயிருந்தான்! அவனே பாடுகிறானே!" என்று சொல்லிக்கொள்ள அது போதாதா?

இந்தப் பொய்க்கு நல்ல பதில் சொன்னவர் பிரடெரிக் டக்ளஸ் என்பவர். அவர் மேரிலாந்தில் அடிமையாய்ப் பிறந்து, 1838இல் தப்பியோடி, தாமே படித்து, பெரிய பேச்சாளராய் விளங்கியவர். 1845இல் வெளியிட்ட தம் வரலாற்றில், அடிமைகள் பாடுவதைச் சந்தோஷத்திற்கு அடையாளமாக எண்ணுவது மிகப் பெரிய தவறு என்றும், துக்கம் தாங்கமாட்டாமல்தான் அதிகமாகப் பாடினோம் என்றும் எழுதினார். கரிபூசிக் கூத்தாடிகளைப் பற்றியோ, 1848இல் தம் பத்திரிகையில், தங்கள் நிறத்தைத் திருடிக் காசு பண்ணுகிறவர்கள் என்று வெளுத்து வாங்கினார்.

கொஞ்சம் திருந்தியது

ஆனாலும் தோழர்களே, ஒருவரைக் கண்டிக்கும்போது அவரிடமுள்ள நல்லதை மறைப்பது பகுத்தறிவுக்காரன் வேலையல்ல. ஃபாஸ்டரிடத்தில் ஒரு மாறுதல் ஏற்பட்டது. 1849இல் "நெல்லி வாஸ் எ லேடி" என்று ஒரு பாட்டு எழுதினார். செத்துப்போன தன் மனைவியை நினைத்து ஒரு கறுப்புத் தொழிலாளி அழுவது அது. அதில் அந்தக் கறுப்புப் பெண்ணை "லேடி", அதாவது சீமாட்டி, என்று சொல்ல வைத்தார். வெள்ளைக்காரன் வீட்டுப் பெண்ணுக்கு மாத்திரம் உரியதாயிருந்த வார்த்தையைக் கறுப்புப் பெண்ணுக்குக் கொடுத்தது அந்தக் கூத்து மேடையில் அதுவரையில் கேட்டறியாத காரியம். ஒரு வார்த்தைதானே என்று சொல்லாதீர்கள். மரியாதை என்பது ஒரு வார்த்தையிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அவமானமும் அப்படியே.

1852இல் ஸ்டோ அம்மையார் எழுதிய "டாம் மாமாவின் குடிசை" என்ற நவீனம் வெளிவந்து ஒரே வருஷத்தில் அமெரிக்காவில் 3 லட்சம் பிரதிகள் செலவாயின. அதைப் படித்தபின் ஃபாஸ்டர் தம் குறிப்புப் புத்தகத்தில் டாம் மாமாவின் பெயரை வைத்தே ஒரு பாட்டைத் தொடங்கினார். அதுதான் பெயர் மாறி, 1853இல் "மை ஓல்டு கெண்டகி ஹோம்" என்று வெளிவந்தது. கறுப்பர் பேசுவதாகக் கேலிக்கு எழுதும் உடைந்த பாஷையை இதில் விட்டுவிட்டு நல்ல பாஷையில் எழுதினார். இந்தப் பாட்டில் முதல் பகுதி பண்ணையில் எல்லாரும் களித்திருந்ததாகச் சொல்லும். பின் பகுதியோ, அந்தக் குடும்பம் பிரிக்கப்பட்டு, கரும்புக் கொல்லையில் முதுகொடிய வேலை செய்யும்படி தூர தேசத்திற்கு அனுப்பப்பட்டதைச் சொல்லும். கெண்டகி மாகாணத்திலிருந்து அடிமைகளை ஆற்று வழியாகத் தெற்கே கொண்டுபோய் விற்பது அன்றைக்கு ஒரு பெரிய வியாபாரமாக இருந்தது. ஃபாஸ்டர் அந்த உண்மையைத் தொட்டுவிட்டார்.

டக்ளஸ் இதை மறைக்கவில்லை. 1855இல் ஒரு பிரசங்கத்தில், இப்படிப்பட்ட பாட்டுகள் அடிமைகள்மேல் இரக்கத்தை எழுப்பக்கூடியவை என்றும், அந்த இரக்கத்தில் அடிமை ஒழிப்புக் கொள்கை வேரூன்றி வளரும் என்றும் சொன்னார். கண்டிக்க வேண்டியதைக் கண்டித்த அதே வாயால், ஒப்புக்கொள்ள வேண்டியதையும் அவர் ஒப்புக்கொண்டார்.

ஆனால் பின்வந்தவர்கள் என்ன செய்தார்கள்? கெண்டகிக்காரர்கள் 1928இல் இதைத் தங்கள் மாகாணப் பாட்டாக ஆக்கினார்கள். வருஷந்தோறும் பெரிய குதிரைப் பந்தயத்தின்போது லட்சம் பேருக்கு மேல் எழுந்து நின்று இதைப் பாடுகிறார்கள். பாடுவது முதல் பகுதியை மாத்திரந்தான். விற்கப்பட்ட கதை வரும் பகுதியை விட்டுவிடுகிறார்கள்! அடிமை வாழ்வின் அழுகையைச் சொல்ல வந்த பாட்டைப் பாதியில் வெட்டி, அடிமை வாழ்வின் அழகைச் சொல்லும் பாட்டாக ஆக்கிவிட்டார்கள். 1986இல் ஜப்பானிலிருந்து வந்த இளைஞர்கள் சட்டசபையில் மரியாதைக்காக இந்தப் பாட்டைப் பழைய வார்த்தைகளோடு பாடினார்கள். கறுப்பர்களை இழிவாகச் சொல்லும் வார்த்தை அதில் அப்படியே இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த கார்ல் ஹைன்ஸ் என்னும் கறுப்பு அங்கத்தினருக்கு மனம் பொறுக்கவில்லை. அவர் கொண்டுவந்த தீர்மானத்தின்மேல்தான் அந்த வார்த்தையை எடுத்துவிட்டு "மக்கள்" என்று போட்டார்கள். புளோரிடாக்காரர்கள் 1935இல் மாகாணப் பாட்டாக்கிய ஸ்வானி பாட்டின் வார்த்தைகளைத் திருத்தினது 2008இல்தான். "மக்கள்" என்ற ஒரு சொல்லைப் பெறுவதற்கு அடிமைத்தனம் ஒழிந்தபின் 121 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது!

டாக்டர் வீட்டு மாணவர்

இங்கே இன்னொருவரைப் பற்றியும் சொல்லவேண்டும். ஃபாஸ்டர் 1850இல் ஜேன் மெக்டவல் என்ற பெண்ணைக் கலியாணம் செய்துகொண்டார். அந்த அம்மாளின் தகப்பனார் பிட்ஸ்பர்க்கில் டாக்டராயிருந்தவர். அவரிடத்தில் மார்ட்டின் டிலானி என்ற கறுப்பு வாலிபர் வைத்தியம் பயின்றார். அந்த டிலானியை 1850இல் ஹார்வர்டு வைத்தியக் கல்லூரியில் சேர்த்துக்கொண்டு, வெள்ளை மாணவர்கள் கூடிக் கூச்சல் போட்டார்கள் என்பதற்காக வெளியே அனுப்பிவிட்டார்கள். படிப்பில் குறை சொல்ல இடமில்லை. பிறவியில் குறை கண்டுபிடித்தார்கள்!

அவர் அழுதுகொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. பத்திரிகை நடத்தினார், வைத்தியம் பார்த்தார், 1859முதல் "பிளேக்" என்ற ஒரு நவீனத்தைத் தொடர்ந்து வெளியிட்டார். அதில் வரும் அடிமைகள் ஃபாஸ்டருடைய மெட்டுகளிலேயே பாடுகிறார்கள்; ஆனால் வார்த்தை மாத்திரம் வேறு. எஜமானனுக்காக ஏங்கும் பாட்டு விடுதலைக்காக ஏங்கும் பாட்டாகிவிட்டது. மெட்டு எதிரியுடையதாயிருந்தாலென்ன? அர்த்தத்தை நம்முடையதாக்கிக்கொள்ளலாம் என்று அவர் காட்டிவிட்டார். 1865இல் அவர் அமெரிக்கப் பட்டாளத்தில் மேஜர் பதவி பெற்றார். 1871இல் நாஷ்வில் நகரத்து ஃபிஸ்க் பள்ளியின் கறுப்பு மாணவர்கள் பாட்டுக்குழு அமைத்து, கரி பூசாமல், கேலி செய்யாமல், தங்கள் முன்னோருடைய பாட்டுகளைத் தாங்களே ஊர்ஊராகப் பாடி, பள்ளிக்குக் கட்டடம் கட்டப் பணம் சேர்த்தார்கள். தன் கதையைத் தானே சொல்லுவதுதான் சுயமரியாதை. மற்றவன் சொல்லக் கேட்டு நாம் தலையாட்டுவது அடிமைத்தனம்.

பெயரை விற்றவர்

இனி ஃபாஸ்டருடைய சொந்த வாழ்வு என்னவாயிற்று என்று பாருங்கள். "ஓ சூசன்னா"வை அவரிடம் கேளாமலே மூன்று வருஷத்தில் இருபதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் அச்சிட்டு விற்றன. 1849இல் ஒரு நியூயார்க் கம்பெனி பிரதிக்கு 2 சென்ட் கொடுப்பதாக ஒப்பந்தம் செய்தது. பாட்டெழுதிப் பிழைக்கலாம் என்று நம்பி அதையே தொழிலாகக் கொண்டவர்களில் அவர் அந்தத் தேசத்தில் முதன்மையானவர். ஆனால் அந்நாளைய சட்டப்படி, அச்சிட்டுக் காசு பண்ணுகிறவனிடம் பங்கு கேட்கலாமே தவிர, மேடையில் பாடிக் காசு பண்ணுகிறவனிடம் ஒரு செப்புக் காசுகூடக் கேட்க முடியாது. அந்த உரிமை 1897இல்தான் வந்தது.

ஸ்வானி பாட்டைக் கிறிஸ்டி என்ற கூத்துக் கம்பெனி முதலாளிக்குச் சொற்பப் பணத்திற்குக் கொடுத்து, எழுதினவர் பெயராகக் கிறிஸ்டியின் பெயரையே போட்டுக்கொள்ளச் சம்மதித்தார். ஏன்? கறுப்பர் பாட்டு எழுதுகிறவன் என்று பெரிய மனிதர்கள் தம்மை இளப்பமாய் நினைப்பார்களே என்ற வெட்கம். பாட்டு ஊரெல்லாம் பரவினபின் 1852இல் தம் பெயரைத் திருப்பித் தரும்படி கிறிஸ்டிக்குக் கடிதம் எழுதினார். முதலாளி கொடுப்பானா? ஃபாஸ்டர் செத்த பிறகும், 1879வரையில், அந்தப் பாட்டின்மேல் கிறிஸ்டியின் பெயரே இருந்தது. எவர்களை இழிவென்று நினைத்தாரோ, அந்த நினைப்பே அவர் பெயரையும் விழுங்கிவிட்டது. மற்றவனுக்கு மரியாதை கொடுக்கக் கூச்சப்படுகிறவன் தன் மரியாதையையும் இழக்கிறான் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

200க்கு மேற்பட்ட பாட்டெழுதியவர் ஆயுள் முழுவதும் சம்பாதித்தது சுமார் 15,000 டாலர். கடனுக்காக 1857இல் பின்னால் வரக்கூடிய பங்கையெல்லாம் 2,000 டாலருக்கும் குறைவாகப் பெற்றுக்கொண்டு விற்றுவிட்டார். குடி அவரைப் பிடித்துக்கொண்டது. மனைவி பிரிந்து போய் ரயில்வேயில் தந்தி அடித்துப் பிழைத்தாள். 1864ஆம் வருஷம் ஜனவரியில் நியூயார்க்கில் ஒரு மலிவான விடுதியில் கீழே விழுந்து கழுத்தில் காயப்பட்டு, தர்ம ஆஸ்பத்திரியில் 13ந் தேதி இறந்தார். வயது 37. பணப்பையில் இருந்தது 38 சென்ட்.

அருளா, உழைப்பா?

செத்த பிறகு அவரைத் தெய்வப் பிறவியாக்கினார்கள். படிக்காமலே, பயிலாமலே பாட்டு வானத்திலிருந்து அவருக்குள் இறங்கிற்று என்று கதை கட்டினார்கள். உண்மை என்ன? ஹென்றி கிளேபர் என்ற ஜெர்மானிய வாத்தியார் பிட்ஸ்பர்க்கில் அவருக்குச் சங்கீதப் பழக்கத்திற்கு உதவியிருக்கிறார். 1851முதல் 1860வரை அவர் எழுதிய குறிப்புப் புத்தகம் பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையில் இருக்கிறது. அதில் பக்கம் பக்கமாய் அடித்திருக்கிறார், திருத்தியிருக்கிறார், ஒரு சொல்லுக்குப் பத்துச் சொல் போட்டுப் பார்த்திருக்கிறார். கடவுள் அருளியதாயிருந்தால் இவ்வளவு அடித்தல் திருத்தல் எதற்கு? உழைப்பை அருள் என்று சொல்லுவது, உழைத்தவனுக்குக் கூலி கொடாதவன் கண்டுபிடித்த தந்திரம். அருளுக்கு யார் கூலி கேட்கப் போகிறார்கள்?

1900இல் பிட்ஸ்பர்க்கில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். ஃபாஸ்டர் மேலே கையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்க, அவர் காலடியில் செருப்பில்லாத ஒரு கறுப்புக் கிழவன் பாஞ்சோ மீட்டிக்கொண்டிருப்பதாக அந்தச் சிலை. பாட்டுக்கு மூலமான ஜனங்கள் கீழே, எழுதிக்கொண்டவர் மேலே! நெடுநாள் ஆட்சேபணைக்குப் பின் 2018ஆம் வருஷம் ஏப்ரலில் நகரசபையார் அதை எடுத்துவிட்டார்கள். சிலையை எடுத்ததால் பாட்டு அழிந்துவிட்டதா? இல்லை. அவர் குறிப்புப் புத்தகமும் எரிந்துவிடவில்லை. வேண்டியவர்கள் போய்ப் பார்க்கலாம், படிக்கலாம், ஆராயலாம். கும்பிடுவதற்கும் ஆராய்வதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

தோழர்களே! ஃபாஸ்டரைக் கொண்டாடுங்கள் என்றோ, வெறுத்துத் தள்ளுங்கள் என்றோ நாம் சொல்லவில்லை. அவர் மெட்டுகள் இனிமையானவை; அதில் நமக்குச் சண்டையில்லை. ஆனால் இனிமை வேறு, உண்மை வேறு. ஒரு பாட்டு காதில் விழும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இது யாருடைய துன்பத்தைப் பாடுகிறது? அந்தத் துன்பம் பட்டவன் இதைக் கேட்டால் ஒப்புக்கொள்வானா? இதில் பாடாமல் விட்ட பகுதி எது? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தபின் பாட்டை ரசியுங்கள். நாமும் கூடச் சேர்ந்து ரசிக்கிறோம். நாம் சொன்னதையும் நம்பிவிடாமல், உங்கள் அறிவில் வைத்து யோசித்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.